மயில் இல்லாத ரோடு

— இந்த வண்டி பொய் சொல்லுது ஆதித்தா.

— என்னக்கா பொய்? ஈர ரோட்டுல எழுபதுல போயி, பிரேக்க அழுத்தி, ஸ்டீரிங்க இடது பக்கம் ஒரே ஒடி ஒடிச்ச. வழுக்கிக்கிட்டே போயி அழகா நின்னுச்சுல்ல?

— அதத்தான் சொல்றேன். அழகா நின்னுச்சு. அப்படி ஒடிச்சா புளியமரத்துலல்ல மோதணும்?

— அது அப்படிப்பட்ட கேமுக்கா. நம்ம கேம் கடைக்கு வர்றவுக முக்காவாசிப் பேரு கேக்குறது இதத்தான். கவுந்தாலும் அதுவே எந்திரிச்சுக்கும். என்ன தப்புப் பண்ணாலும் மன்னிச்சு விட்டுரும்.

— மன்னிக்கிறது எனக்கு வேணாம். இன்னொண்ணு இருக்குன்னியே, அதப் போடு.

— மத்தியானம், இங்க செக்காலையில எல்லாக் கடையும் சாப்பாட்டுக்குச் சாத்திட்டாக. நீ நெற்குப்பையில இருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருக்க. ஒரு வாய் சாப்புட்டுட்டு உக்காரலாம்ல?

— நாளைக்கு அத்தைக்கு வருஷ திதிடா. எனக்கு இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கு.

— திதிக்கும் இந்த வெளையாட்டுக்கும் என்னக்கா சம்பந்தம்?

— சிங்கம்புணரியில இருந்து நாத்தனாமாரு ரெண்டு பேரும் வந்து எறங்கிட்டாக. அத்தை படத்துக்கு முன்னாடி சூடத்த ஏத்தி, நான் கையால அடிச்சு அணைச்சு, ‘இனிமே வண்டியத் தொடமாட்டேன்’னு சத்தியம் பண்ணணுமாம்.

— மச்சான் என்ன சொல்றாக?

— ‘பண்ணிரு நாகவல்லி, அவளுக மனசு ஆறட்டும்’ங்கிறாக.

— பண்ணிட்டுப் போயேன். ஒரு வருஷமா நீ எங்க வண்டியத் தொட்ட?

— தொடாம இருக்கறது பெருசில்லடா. சூடத்த அடிச்சா, ‘ஆமா, அத்தைய நாந்தான் கொன்னேன்’னு என் வாயால ஒத்துக்கிட்டதா ஆயிரும். கொன்னிருந்தா ஒத்துக்கிறேன். தெரியாம எப்படிடா அடிக்கிறது? எனக்குத் தெரியணும்.

— உனக்கு ஒண்ணுமே ஞாபகத்துல இல்லையா?

— குன்றக்குடியில சாமி கும்புட்டுட்டு வாரோம். மழ விட்டு ரோடு நசநசன்னு கெடக்கு. எனக்கு இடது பக்கம் உன் மச்சான். பழனிக்கு மாலை போட்டிருந்தாக. பின்னாடி அத்தை. ஒரு பழத்த உரிச்சு, ‘இந்தா, ஒத்தக் கையால வாங்கிக்க’ன்னு நீட்டுனாக. ‘ரெண்டு கையும் ஸ்டீரிங்குல இருக்கணும் அத்தை, நீங்க சேத்துவிட்ட டிரைவிங் ஸ்கூல்லதான் சொல்லிக்குடுத்தாக’ன்னேன். சிரிச்சாக. அந்தச் சிரிப்பு வரைக்கும் தெளிவா இருக்கு.

— அப்புறம் மயிலு.

— பொதருக்குள்ள இருந்து சட்டுனு வந்துச்சு. பிரேக்க மிதிச்சேன். ‘முருகா’ன்னு உன் மச்சான் கத்துனது இன்னும் காதுல கெடக்கு. அடுத்தது இடது பக்கத்துப் புளியமரந்தான். நான் பதறிப்போயி அங்குட்டு ஒடிச்சுட்டேன்னு அவுகதான் எல்லாருக்கும் சொன்னாக. பக்கத்துல இருந்து பாத்தவுக சொல்றப்ப நம்பாம என்ன செய்யிறது?

— சரி, இந்தா போட்டுட்டேன். நல்லாக் கேட்டுக்க. முன்னாடி ஓட்டுனது மாதிரி இது செல்லம் குடுக்காது. டயரு, பாரம், ஈரம் எல்லாத்தையும் தனித்தனியாப் பாக்கும். பிரேக் போட்டா முன்பக்கம் அமுங்கும். டயரு பிடி விட்டா ஸ்டீரிங் வழியா ஒன் கைக்கே சொல்லும். ஆனா இதுவும் நெசமான ரோடு இல்லக்கா, பாத்துக்க. மயிலும் இதுல கெடையாது.

— மயிலுக்குப் பதிலா நீ கத்து. எப்பக் கத்துவன்னு எனக்குத் தெரியக்கூடாது.

— சின்னக் காரு, மழ பேஞ்ச ரோடு, வேகம் எழுபது. போவமா?

— இரு. இது நெசமா பொய்யான்னு நானே பாத்துக்கிறேன்... ஆமாடா. ஈரத்துல முக்குத் திரும்புறப்ப நம்ம வண்டி திரும்ப மாட்டேன்னு மூக்க வெளிய இழுக்குமே, அதே இழுப்பு. கைக்கே தெரியுது பாரு.

— எழுபது வந்துருச்சு. ரெண்டு கையும் ஸ்டீரிங்குலதான?

— ரெண்டுந்தான்.

— மயிலு!

— ...நின்னுருச்சா?

— நின்னுருச்சு. நடுக்கோட்டக்கூடத் தொடல. நேரா நிக்குது.

— நீ கத்துவன்னு தெரிஞ்சதால இருக்கும். இன்னொரு தடவ. இப்ப வேற எதாச்சும் பேச்சுக் குடுத்துக்கிட்டே இரு.

— அம்மா ஒனக்குக் கருப்பட்டிப் பணியாரம் சுட்டு வச்சிருக்கு. ஒரு வருஷமா மக மொகத்தப் பாக்க முடியலன்னு பொலம்பிக்கிட்டு... மயிலு!

— ...எப்படி?

— நேராத்தான். அப்படியே கல்லாட்டம் புடிச்சிருக்க.

— இன்னொரு தடவ.

— அக்கா, போதும்க்கா. பதினொரு தடவ ஆயிருச்சு. ஒரு தடவகூட ஒன் கை அங்குட்டு இங்குட்டுப் போகல. மயிலு அடிபட்டிருக்கும். மத்தபடி யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது.

— இப்ப வேணுமுன்னே ஒடிக்கிறேன். அன்னைக்கு ஒடிச்சேன்னு சொன்னாகளே, அதே மாதிரி இடது பக்கம். கத்து.

— வேணாம்க்கா.

— கத்துடா!

— மயிலு!

— ...பாத்தியா?

— யாத்தே. ஒரு சுத்துச் சுத்தி நேரா மரத்துக்கே போயிருச்சு.

— இது பொய் சொல்லல ஆதித்தா. அன்னைக்கு நடந்தது இதுதான். பின்பக்கம் சுத்திக்கிட்டுப் போயி, அத்தை உக்காந்திருந்த பக்கந்தான் மரத்துல மோதுச்சு. ஒடிச்சாத்தான் அங்க போகும். ஸ்டீரிங்குல இருந்தது என் கை. அப்ப நாந்தான்.

— அழாதக்கா.

— பதினொரு தடவ நேரா நின்னு என்ன செய்ய? அந்த ஒரு தடவ நிக்கலையே. விடு. நாளைக்கு சூடத்த அடிக்கிறேன். யாரோ ஷட்டரத் தட்டுறாக, பாரு.

— வாங்க மச்சான். வாங்க.

— அவ இங்குட்டா இருக்கா? ஏ நாகவல்லி, வீடு நெறைய ஆளுக வந்திருக்கு. அய்யரு காலையில ஏழு மணிக்கே வந்துருவாரு, ஒரு வேலையும் ஆகல. இங்க உக்காந்து கார் வெளையாடிக்கிட்டு இருக்கியா?

— வெளையாடல. நான் ஒடிச்சேனா இல்லையான்னு பாக்க வந்தேன்.

— அதப் பாக்க என்ன இருக்கு? வெளையாட்டுல ஓட்டுறதும் ரோட்டுல ஓட்டுறதும் ஒண்ணாகுமா?

— ஆகாதுதான் மச்சான். ஆனா இது ரொம்பக் கிட்ட வரும்.

— கிட்ட வந்து என்னப்பா? போனது என்னயப் பெத்த ஆத்தா. இவள நான் ஒரு வார்த்த கடிஞ்சு பேசியிருப்பேனா, கேளு. யார் வீட்டுலயும் நடக்குறதுதான்னு மனசத் தேத்திக்கிட்டேன். மாலை போட்டிருந்த நேரம், முருகன் வாகனத்துக்கு ஒண்ணும் ஆகல. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதலு.

— அவுக சொல்றது சரிதான் தம்பி. ஒரு வார்த்த சொன்னதில்ல. அதுதான் எனக்குத் தாங்கல.

— சரி, எந்திரி. பஸ்ஸு வந்துரும்.

— கடேசியா ஒரு தடவ ஓட்டிட்டு வந்துர்றேன். நாளைக்கு மேல எந்த ஸ்டீரிங்கையும் தொடப்போறதில்லல்ல? இப்படி இடது பக்கம் ஸ்டூலப் போட்டு உக்காருங்க. அன்னைக்கு மாதிரி.

— எதுக்கு நாகவல்லி இதெல்லாம்?

— எனக்காக உக்காருங்க.

— ...உக்காந்துட்டேன். ஓட்டு.

— ஆதித்தா, அதே ரோட்டப் போடு. மழ பேஞ்சது.

— போட்டுட்டேன்க்கா.

— பின்னாடிதான் யாருமில்ல.

— சும்மா இரு. ரோட்டப் பாரு. ஏயப்பா, நெசமாவே போற மாதிரியில்ல இருக்கு. மெதுவாப் போயேன்.

— அன்னைக்கும் இதே எழுபதுதான். அன்னைக்கு நீங்க மெதுவாப் போகச் சொல்லல.

— ஆத்தா கதை சொல்லிக்கிட்டு வந்துச்சு. கேட்டுக்கிட்டு இருந்தேன். பழத்த நீ வாங்கலன்னு எங்கிட்டக் குடுத்துச்சு. பாதி தின்னுக்கிட்டு இருக்கையில...

— மயிலு!

— முருகா!

— மச்சான்... அக்கா நேராத்தான் புடிச்சிருக்கா. ஸ்டீரிங்க இடது பக்கம் இழுக்குற ஒங்க கைய எடுங்க.