காது இல்லாத பெட்டி

மெதுவாம்மா, மெதுவா. அந்த ஓரத்து ஸ்டிக்கர் தோலோட வருது. இல்ல, வலியெல்லாம் இல்ல. சொல்லிட்டு உரிச்சீங்கன்னா போதும், திடுக்குன்னு உரிச்சா எனக்கு ஆகாது.

பட்டனா? அழுத்தவே இல்லையே. ஒரு நாள் பூரா நெஞ்சுத் துடிப்பைப் பதியிற பெட்டின்னு இதை இடுப்புல மாட்டி, நெஞ்சு ஒரு மாதிரி பண்ணா பட்டனை அழுத்துங்கன்னு நேத்து சொல்லி அனுப்பினீங்கல்ல, நானும் கட்டைவிரலை அது மேலயே வச்சிக்கிட்டு இருந்தேன். சாப்பிடும்போதுகூட இடது கை அதுலதான். ஒண்ணும் வரலை. விடிஞ்சு எழுந்து பாக்குறேன், அப்பவும் வரலை.

நல்ல விஷயம்தான். நீங்க சிரிக்கிறீங்க, நானும் சிரிக்கணும். ஆனா டாக்டர் என்ன நினைப்பார்? இந்தப் பொம்பளை சும்மா கதை விட்டிருக்குன்னு நினைக்க மாட்டாரா? முதல்ல எடுத்த ஈசிஜி படத்துல இருந்துச்சும்மா, அவரே விரல் வச்சுக் காட்டினார். அன்னைக்கு என் வீட்டுக்காரரும் கூட நின்னார்.

எப்படி இருக்கும்னா... நான் துணி திருத்துற கடையில இருக்கேன். பேண்ட் நீளம் குறைக்கிறது, ஜிப் மாத்துறது, அந்த வேலை. மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு ஒரு தையல் விட்டுப்போகும் பாருங்க, கை அதுவா நின்னுடும். அது மாதிரிதான். டாக்டர்கிட்ட சொன்னா, விட்டுப்போறதில்லம்மா, ஒண்ணு முந்திக்கிட்டு வந்துடுது, அதனால அடுத்தது கொஞ்சம் தாமதிச்சு வருதுங்கிறார். இது கெடுதல் பண்ணாத வகை, வரும் போகும், பழகிடும்னார். எங்கம்மாவும் எனக்குக் கல்யாணமான புதுசுல இதே வார்த்தையைத்தான் சொன்னாங்க. துடிப்பைப் பத்தி இல்ல.

மாத்திரைதான் இப்ப பேச்சு. தொந்தரவா இருந்தா சாப்பிடுங்க, இல்லன்னா வேணாம், உங்க இஷ்டம்னுட்டார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. என்ன குழம்பு வைக்கணுங்கிறதுகூட என் இஷ்டமில்ல, நெஞ்சு எப்படி அடிக்கணுங்கிறது மட்டும் என் இஷ்டமாம். சாப்பிட்டா துடிப்பு நிதானமாகும், படபடப்பு தெரியாது, சில பேருக்குக் கை சில்லிடும், சோர்வா இருக்கும்னார். கை சில்லிட்டா ஊசி எப்படிப் பிடிக்கிறது? கடைக்கார அக்கா இருக்காங்களே, நல்லவங்க, ஆனா வேலை நின்னா நல்லவங்களா இருக்க மாட்டாங்க.

என் வீட்டுக்காரருக்கு நான் சாப்பிடணும். பிடிவாதமா சொல்றார். அக்கறைதான், இல்லங்கல. என்னன்னா, அவர் கொஞ்சம் குரல் ஏத்தினாப் போதும், என் கை தானா நெஞ்சுக்குப் போயிடும். அது அவருக்குப் பிடிக்கிறதில்ல. என்னமோ நான் உன்னைக் கொல்ல வந்த மாதிரி ஏன் நெஞ்சைப் பிடிக்கிறே, நாலு பேர் பாத்தா என்னை என்ன நினைப்பாங்கன்னு கத்துவார். அந்தக் கத்தல்ல இன்னும் ரெண்டு வரும். மாத்திரையைப் போடு, எல்லாம் அடங்கிடும்ங்கிறார். அடங்கும்தான். எது அடங்கும்னுதான் யோசிக்கிறேன்.

கையில இருக்கிறதா? அது போன வாரத்துது, மஞ்சளாயிடுச்சு பாருங்க. அதை விடுங்க, நீங்க ஸ்டிக்கரைப் பாருங்க.

கதவு சாத்தித்தானே இருக்கு? வெளிய பெஞ்சுல என் பையை மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருப்பார். பாக்குறவங்க எவ்வளவு பொறுமையான மனுஷன்னு நினைப்பாங்க. அவர் உங்ககிட்ட வந்து ஏதாவது கேட்டாரா? இந்தப் பெட்டியில பதியறதை யார் கேப்பாங்கன்னா? நீங்க என்ன சொன்னீங்க? டாக்டர் பாப்பார்னா. நல்லதாப் போச்சு. பாப்பார்னு சொன்னது அவருக்குக் கேப்பார்னு விழுந்திருக்கும், மனுஷன் அந்த நினைப்புலயே இருக்கார்.

நேத்து வீட்டுக்குப் போறப்போ வண்டியில என் காதுகிட்ட வந்து கேட்டார், இது நாம பேசுறதையெல்லாம் பதிவு பண்ணுமான்னு. பண்ணாதுன்னு எனக்குத் தெரியும், நீங்கதான் விளக்கமா சொல்லியிருந்தீங்களே. தெரியலைங்கன்னேன். அவ்வளவுதாம்மா சொன்னேன். தெரியலைங்க.

அதுக்கப்புறம் நீங்க எங்க வீட்டைப் பாத்திருக்கணும். செருப்பைச் சத்தமில்லாம விட்டார். சோறு குழைஞ்சிருந்துச்சு, பரவால்லம்மான்னார். அம்மாங்கிறார் என்னை! அதுவும் என் இடுப்பைப் பாத்துச் சொல்றார், பெட்டி அங்கதானே தொங்குது. பொண்ணு எப்பவும் தட்டைத் தூக்கிட்டு ரூமுக்குள்ள போயிடுவா, நேத்து கூடத்துல எங்க கூட உக்காந்து சாப்பிட்டா. டிவியில எதுக்கோ சத்தமா சிரிச்சா. சிரிச்சிட்டு அவளே பயந்து வாயைப் பொத்திக்கிட்டா. அவர் தண்ணிச் சொம்பை அவ பக்கம் நகர்த்தி வச்சார். நான் என் நெஞ்சையே கவனிச்சிக்கிட்டு இருந்தேன். ஒரு தையல் விடலை. நேர்கோடு போட்ட மாதிரி ஓடுது.

பாத்திரம் கழுவும்போது பொண்ணு பக்கத்துல வந்தா. பெரிய கிளாஸ் படிக்கிறா, அவளுக்குத் தெரியாதா? அம்மா, அதுக்குக் காதெல்லாம் கிடையாதும்மா, அப்பாகிட்ட சொல்லிடாதேன்னா.

அதனாலதான் கேக்குறேன். ரிப்போர்ட்டுக்கு அடுத்த வாரம்தானே வரச் சொல்லியிருக்கீங்க? அது வரைக்கும் இது என்கிட்டயே... சரி சரி, அடுத்த ஆளுக்கு வேணும், புரியுது. மெஷின் வேணாம்மா, எடுத்துக்குங்க. இந்த மேல் ரெண்டு ஸ்டிக்கரை மட்டும் உரிக்காம விட்டுடுங்க. பழைய வயர் இருக்குமா, அறுந்தது, தூக்கிப் போடுறது? கழுத்துகிட்ட கொஞ்சம் வெளிய தெரிஞ்சாப் போதும். பெட்டியை நான் பாத்துக்குறேன். சோப்பு டப்பா இதே அளவுதான், நேத்தே வச்சுப் பாத்தேன். கறுப்புத் துணியில உறை தைச்சு வாயை மூடிட்டேன்னா யார் பிரிக்கப் போறா. டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் போட்டுக்கச் சொன்னார்னு நானே சொல்லிக்கிறேன், உங்களைப் பொய் சொல்லச் சொல்லலை.

டாக்டர்கிட்டயா? நீங்க சொல்லி அவர் என்னம்மா செய்வார். மாத்திரை எழுதுவார். மாத்திரை வேணாம்னு சொல்லிடுங்க. எனக்குத் துடிப்பு தெரியணும். அதுவும் தெரியாமப் போச்சுன்னா நான் அந்த வீட்டுலயே இருந்துடுவேன்.

இதோ, ஆச்சுங்க! வந்துட்டேன்!

...பாத்தீங்களா, வந்துச்சு. அவர் கூப்பிட்ட உடனே ஒரு தையல் விட்டுடுச்சு. பெட்டி உங்க கையில இருக்கு, இது எதுலயும் பதியாது. பரவால்ல.

இந்தாங்க, இங்க ஸ்டிக்கர் கொஞ்சம் எழும்பியிருக்கு. அழுத்தி ஒட்டுங்கம்மா. இன்னும் நல்லா.