பொன்னுரங்க ஆசாரியோட முழம்

அது கால்வா நெறையத் தண்ணி ஓடுன காலம். வெள்ளக்காரத் தொரைங்க ஆண்டுகினு இருந்த காலம். இதே ஓடப்பாக்கத்துல பொன்னுரங்கம்னு ஒரு படகு ஆசாரி இருந்தாராம். என் பாட்டனுக்குப் பாட்டன். நல்ல ஒசரம். நின்னாக்க கை முட்டியத் தொடுமாம்.

கால்வா வேலையப் பாக்குற தொரை ஒருத்தன் அவரக் கூப்புட்டு, "ஆசாரி, எனக்கு ஒரு மோட்டார் படகு வேணும். உள்ளயே படுக்கணும், சோறாக்கணும், கால்வா மொத்தமும் சுத்திப் பாக்கணும்"னானாம்.

மொதப் படகு கட்டுனாரு. அடிய கூரா வச்சாரு. சேத்துல சிக்கி நின்னுபோச்சு. ரெண்டாவது கட்டுனாரு. அடி தட்டையாச்சு, கூரை ஒசந்துபோச்சு. பாலத்துக்கு அடியில நொழையல. "இது வீடா படகாய்யா?"ன்னு ஊரே சிரிச்சுதாம். மூணாவது கட்டுனாரு. அடியும் தட்டை, கூரையும் மடக்குக் கூரை, அகலம் நாலு முழம். மழையில போச்சு, காத்துல போச்சு, ஆடவேயில்ல. அந்த ஒரு படகுக்கு ஆறு வருசம் ஆச்சுன்னு சொல்லுவாங்க.

தொரைக்கு ஒரே சந்தோசம். அளவெல்லாம் கேட்டு எழுதி, பட்டணத்துக் கம்பெனிக்கு அனுப்பப் போனான். "தொரை, அது என் கையி முழம். அதே அளவுக்கு ஒரு குச்சி வெட்டித் தரேன், அதையும் அனுப்புங்க"ன்னாராம் ஆசாரி. "முழம்னா பதினெட்டு இஞ்சு. எனக்குத் தெரியாதா?"ன்னானாம் அவன். ஆசாரி முழம் இருபது இஞ்சுக்கு மேல! தெரியாதுடா உனக்கு. என்னா தெரியும் உனக்கு?

கம்பெனிக்காரன் பத்து படகு செஞ்சு, ஜனம் ஏத்த வுட்டான். எஞ்சின் அதே எஞ்சின், கூரையும் அதே கனம், ஒடம்பு மட்டும் ஒடுங்கிப்போச்சு. நம்மூர்ப் படகுத் தொறைக்கு ஒண்ணு வந்து நின்னப்ப, ஆசாரி குறுக்கால கைய வச்சு அளந்தாராம். ஒண்ணு, ரெண்டு, மூணு, அப்பறம் அரை. "நாலு வரலியே! இது என் படகு இல்ல, ஏறாதீங்க!"ன்னு கரையில நின்னு கத்துனாராம். ஆரு கேட்டா? அதுக்குத்தான் 'பொன்னுரங்கம் படகு'ன்னு பேரு வச்சாச்சே.

அவரு பொண்ணு சொர்ணம் வெளியூர்ல வாழ்க்கப்பட்டவ. இவரு கத்துனது அவளுக்கு எங்க தெரியும்? கைப்புள்ளையோட பொறந்த வூட்டுக்குப் பொறப்பட்டா. படகு ஆடுதேன்னு எறங்கப் போனவங்களப் புடிச்சு உக்கார வச்சவளே அவதானாம். "எங்கப்பன் கட்டுன படகு, என்னக் கவுத்துடுமா? உக்காருங்க"ன்னாளாம். பொழச்சு வந்தவங்க சொன்னது இது. கால்வா காயல்ல போய்ச் சேர்ற தெறப்புல காத்து அடிச்சுது. படகு கவுந்துது. பதினோரு பேரு போயிட்டாங்க. அவளும் புள்ளையும் அதுல.

விசாரணை வச்சாங்க. ஆசாரி மேசை மேல கைய நீட்டி, "இதான்யா என் முழம். அளங்கய்யா, அளந்து பாருங்கய்யா"ன்னு அழுதாராம். ஒருத்தனும் அளக்கல. 'ஆசாரி சொன்ன அளவு தப்பு'ன்னு எழுதி மூடிட்டானுங்க பாவிங்க. அதுக்கப்பறம் அவரு உளியத் தொடவேயில்லியாம்.

அதனாலதான் நம்மூர்ல பூக்காரி முழம் போட வந்தாக்கூட, "யாரு கையி முழம்?"னு கேட்டுட்டு வாங்குறோம். வெளியூர்க்காரன் நம்மளக் கஞ்சப் பயலுவன்னு சொல்லிச் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அன்னிக்கு அந்த மேசைக்கு அந்தாண்ட உக்காந்திருந்தவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நாம பூக்காரிகிட்ட கேட்டுகினு கெடக்கோம்.