நாலாவது கண்ணாடி

— நிம்மதி பன்னெண்டாயிரத்து ஐநூறு, மாமா. மாட்டுற கூலி தனி.

— நிம்மதிக்குக் கூலி வேறயா! அப்ப போன மாசம் ஒம்பதாயிரத்துக்கு ஒண்ணு என் தலையில கட்டினியே, அது என்ன?

— அது அரை நிம்மதி. அதுக்கு முந்தி வித்ததெல்லாம்... சும்மா ஆறுதல்.

— மாப்ள, அக்கா புருஷன்கிட்டயுமா வியாபாரம்?

— அக்கா புருஷன்கிட்டதான் மாமா தைரியமா பண்ண முடியும். வெளியாள்னா கை நீட்டிடுவான்.

— சரி, எடு பாக்கலாம். என் மூஞ்சிக்கு மூக்குக்கண்ணாடியே ரெண்டு தடவைதான் மாத்தியிருக்கேன். இந்த பைக்கோட மூஞ்சிக்குக் காத்துத் தடுக்கற கண்ணாடி நாலு மாசத்துல நாலாவது!

— முதல்ல சொல்லுங்க. இப்ப மாட்டியிருக்கற மூணாவதுல என்ன குறை?

— புதுசா என்ன குறை? அதேதான். தலை ஆடுது. யாரோ ஹெல்மெட்டை ரெண்டு கையால புடிச்சு உலுக்கற மாதிரி.

— முதல் கண்ணாடிக்கும் இதையேதான் சொன்னீங்க.

— அது குட்டைடா. காத்து நேரா நெஞ்சுல வந்து மோதுச்சு.

— மோதும். ஆனா குட்டைக் கண்ணாடியில தலைக்கு வர்ற காத்து சுத்தமா வரும் மாமா. தள்ளும். உலுக்காது.

— ரெண்டாவதை உசரமாக் குடுத்தே...

— அது என் தப்பு, ஒத்துக்கறேன். கடைக்குள்ள உங்களை நிமிர்ந்து உக்கார வெச்சு அளவெடுத்தேன். ரோட்டுல எவன் நிமிர்ந்து உக்காந்து ஓட்டறான்? கொஞ்சம் கூனினீங்க, விளிம்பு சரியா மூக்குக்கு நேரா வந்துடுச்சு. காத்து விளிம்பைத் தாண்டி ஏறி, சுருண்டு, மண்டையிலயே விழுந்துச்சு.

— பாத்தியா! வியாபாரி வாயிலேருந்து தப்புங்கற வார்த்தை வந்துடுச்சு. தேதி குறிச்சு வை.

— அதுக்குத்தான் மூணாவதுல உங்களைக் கூன வெச்சே அளவெடுத்தேன். உச்சியில ஒரு சின்னத் தடுப்பு. கண்ணாடிக்குப் பின்னாடி காத்து உறிஞ்சாம இருக்கக் கீழ ரெண்டு விரல் சந்து. அதுக்கு மேல பண்ண ஒண்ணும் இல்ல மாமா.

— ஆனா ஆடுதே.

— நான் சொன்ன மாதிரி கையை வெச்சுப் பாத்தீங்களா? எண்பதுல போகும்போது, இடது உள்ளங்கையைக் கண்ணாடிக்குப் பின்னாடி கீழேருந்து மெதுவாத் தூக்கணும். எந்த உசரத்துல கை படபடன்னு அடிச்சுக்குதோ, அங்கதான் காத்து உடையுது.

— பாத்தேன் பாத்தேன்.

— எங்க அடிச்சுக்குச்சு?

— எல்லா இடத்துலயும்தான்.

— கீழயுமா? பெட்ரோல் டேங்க் பக்கத்துலயுமா?

— ...ஆமா. அங்கயும்தான்.

— ஹேண்டில்பாரை விட்டதுமேவா?

— நீ வெச்சிருக்கறது கண்ணாடிக்கடையா, போலீஸ் ஸ்டேஷனா?

— எழுந்து நின்னு ஓட்டிப் பாத்தீங்களா? நின்னா தலை அந்தச் சுருள் காத்துக்கு மேல போயிடும். சத்தம் அடங்கிடும்.

— சத்தம் அடங்குச்சு.

— தலை? மாமா, தலை அடங்குச்சான்னு கேக்கறேன்.

— அம்பத்தெட்டு வயசுல என்னை நடுரோட்டுல எழுந்து நிக்கச் சொல்றே. பின்னாடி உக்காந்து உன் அக்கா கத்தின கத்துல எதிர்ல வந்தவனெல்லாம் ஒதுங்கிட்டான்.

— அக்காவை வெச்சுக்கிட்டா இதெல்லாம் பண்ணீங்க?

— அவ இல்லாம நான் எங்க போயிருக்கேன்? வெள்ளிக்கிழமை காலையில கிளம்பறோம். கடலை ஒட்டியே ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். கல்யாணமான வருஷம் சொன்ன வார்த்தை. முப்பத்தொரு வருஷமா ‘அடுத்த வருஷம், அடுத்த வருஷம்’னே ஓட்டிட்டேன். பெட்டி கட்டியாச்சு. உன் அக்கா ரெண்டு மழைக்கோட்டு வேற வாங்கி வெச்சிருக்கா.

— வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு.

— அதனாலதான் இன்னைக்கே மாட்டுங்கறேன். அந்த ஸ்க்ரூவைக் குடு, நான் போடறேன்.

— இருக்கட்டும் மாமா, நானே—

— குடுடா. முப்பது வருஷம் ஊர்ப் பல்லெல்லாம் புடுங்கின கை இது. கடைவாய்ப் பல்லுல மயிரிழைக்கு ஓட்டை போட்ட கை.

— அப்புறம் ஏன் மாமா கிளினிக்கை மூடினீங்க?

— அலுத்துப்போச்சு. நாள் பூரா அடுத்தவன் வாயையே பாத்துக்கிட்டு... எங்கடா போச்சு?

— கீழ விழுந்துடுச்சு. விடுங்க, நான் எடுக்கறேன்.

— எண்ணெய் போட்டு வெச்சிருக்கியா? வழுக்குது.

— ஆமா மாமா. எண்ணெய்தான்.

— வேற ஒண்ணு குடு.

— அதுலயும் எண்ணெய்தான் மாமா.

— ...என்னடா அப்படிப் பாக்கறே?

— ஒண்ணும் இல்ல. சிக்னல்ல ஆடுதா?

— எது?

— தலை. சிக்னல்ல வண்டி நிக்கும்போது.

— நிக்கற வண்டியில ஏதுடா காத்து?

— அதைத்தான் நானும் கேக்கறேன். டீ ஆறுது மாமா. குடிங்க.

— வேண்டாம்.

— பாதி கிளாஸ்தான் ஊத்தச் சொன்னேன். சிந்தாது. குடிங்க. கடையில வேற யாரும் இல்ல.

— எப்பலேருந்துடா தெரியும்?

— மூணாவது மாட்டினதும் ரெண்டு நாள் வண்டியை இங்க விட்டுட்டுப் போனீங்கல்ல, நானே ஓட்டிப் பாத்தேன். உங்க உசரம்தானே நானும். நூறுல போனேன். ஹெல்மெட்டுக்குள்ள என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டுச்சு. இருபது வருஷத்துல அவ்வளவு சுத்தமா ஒரு கண்ணாடி நான் மாட்டினதே இல்ல. வேலை நல்லா வந்திருக்குன்னு சந்தோஷம்தானே வரணும்? வண்டியை ஓரமா நிறுத்திட்டு அப்படியே உக்காந்துட்டேன்.

— தெரிஞ்சும் நாலாவதுக்கு விலை சொல்றியே, நீயெல்லாம் மனுஷனா?

— தெரிஞ்சும் வாங்க வந்திருக்கீங்களே, நீங்க?

— ...உன் அப்பனும் இப்படித்தான். தராசைக் கையில வெச்சுக்கிட்டே பேசுவாரு.

— டாக்டர் என்ன சொன்னார்?

— ஒரு பேரு சொன்னார். அந்தப் பேருக்கு மாத்திரை எழுதினார். கொஞ்ச நாள் கட்டுப்படும், அப்புறம் கூடிக்கிட்டே போகும்னார். எதையாவது மாத்தினா நிக்குமான்னு கேட்டேன். நானும் டாக்டர்தான், கேக்கக் கூடாதுதான். கேட்டுட்டேன். மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லன்னார். அங்கேருந்து நேரா இங்கதான் வந்தேன். தலை ஆடுது மாப்ளேன்னேன். நீ தலைகூட நிமிராம ‘மாத்திடலாம் மாமா’ன்னே.

— நான் கண்ணாடியைச் சொன்னேன்.

— எனக்கு அது போதுமா இருந்துச்சு. ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு பதினஞ்சு நாள், இருபது நாள்... காத்துதான்னு நானே நம்பிடுவேன். நல்லாத்தான் இருந்துச்சு.

— வெள்ளிக்கிழமை போகாதீங்க மாமா.

— மாத்திரை போட்டா காலையில மூணு மணி நேரம் கை நிக்குது. மூணே மணி நேரம் ஓட்டுவேன். அப்புறம் ரூம் போட்டுப் படுத்துடுவேன். பத்து நாள்ல போய்ச் சேர்ந்துடலாம்.

— எதிர்ல வர்ற லாரிக்காரன் உங்க மாத்திரை நேரம் பாத்தா வருவான்? பின்னாடி உக்காந்திருக்கறது என் கூடப் பொறந்தவ.

— எனக்கு யாருடா அவ? பக்கத்து வீட்டுக்காரியா?

— கோவிச்சுக்காதீங்க. அவகிட்ட சொல்லிட்டீங்களா?

— இல்ல. அவளுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை, ‘நான் உக்கார மாட்டேன்’னு அவ சொல்லட்டும். அந்த நிமிஷமே வண்டியை உன் கடையில விட்டுட்டு ஆட்டோ புடிச்சு வீட்டுக்குப் போயிடுவேன். சத்தியமா. ஆனா சொல்ல மாட்டேங்கறாளே. இப்பல்லாம் வண்டியில ஏறினா என் ரெண்டு தோளையும் அழுத்திப் புடிச்சுக்கறா. விடறதே இல்ல. காத்துக்குப் பயப்படறா, பாவம்.

— அக்கா காத்துக்குப் பயந்து நான் பாத்ததில்ல.

— ...என்னடா சொல்றே?

— நான் ஒண்ணும் சொல்லல.

— நில்லு. ஓட்டை போட்டு மாட்டின கண்ணாடியை எந்தக் கடைக்காரனாவது திருப்பி எடுப்பானா? நீ ரெண்டு எடுத்துக்கிட்டே, முழு விலைக்கு. வித்தியாசம் ஆயிரம் ஆயிரம்தான் என்கிட்ட வாங்கினே. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? சொந்தக் கல்யாணத்துல பூக்காரன்கிட்ட முழக் கணக்குல சண்டை போட்டவன் நீ. சொல்லு. யாரு காசுடா அது?

— அக்கா காசுதான் மாமா. மூணு மாசத்துக்கு முன்னாடியே தனியா பஸ் ஏறி வந்தா. ‘அவரு கேட்கக் கேட்க மாத்திக் குடு, மாத்தறதுக்கு இனிமே ஒண்ணும் இல்லன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதே’ன்னா. ஆட்டம் காத்தால இல்ல, உடம்புக்குன்னு அவ சொன்னதை நான் நம்பல. ஓட்டிப் பாத்த அன்னைக்குத்தான் நம்பினேன். பின்னாடி உக்காராதேன்னு கால்ல விழாத குறையாக் கெஞ்சிட்டேன். ‘நான் உக்காரலேன்னா எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சுடும்டா, தோளைப் புடிச்சுக்கிட்டா ஆட்டம் கொஞ்சம் அடங்குது’ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அவ வாயால நீங்க கேக்கற வார்த்தை வராது மாமா. அதனால கணக்கை மட்டும் சொல்லிடறேன். உங்க பேர்ல வந்தது, முதல்ல ஏழாயிரம், அப்புறம் ரெண்டு ஆயிரம், ஆக ஒம்பதாயிரம். வண்டியில இருக்கற கண்ணாடிக்கு அது சரியாப் போச்சு. திருப்பி எடுத்த ரெண்டுக்கு அக்கா குடுத்தது பதினஞ்சாயிரம். நான் தொடல, கவரோட மேஜையில இருக்கு, எடுத்துட்டுப் போய் அவகிட்ட குடுங்க. சொன்ன பொய்க்கு யார்கிட்டயும் நான் கூலி போடல. எனக்கு வர வேண்டிய பாக்கி, உங்க பாக்கெட்டுல இருக்கற அந்த வண்டிச் சாவி ஒண்ணுதான்.