கால் ஊனாத வண்டி

— பாய், எஞ்சின் சுடுதே. நாங்க வாரதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கீங்க.

— வாஸ்தவம் தங்கச்சி. உங்கிட்ட மறைக்க என்ன இருக்கு? ஆறிப்போச்சுனா பத்து உதைக்குப் பொறவுதான் இந்தக் கறுப்பு வண்டி எந்திரிக்கும். இதை ஓட்டிக்கிட்டிருந்த சுப்புராஜ் வித்துக் குடுங்கன்னு பட்டறையில விட்டுட்டுப் போயிட்டாரு. வித்துக் குடுக்கது என் வேலை. உன் புருசனைக் கொல்லுறது என் வேலை இல்ல.

— ஏட்டி வெள்ளத்தாயி, வண்டி வாங்குறது நானா நீயா?

— நீங்கதான். ஏழு வருசம் கழிச்சு மறுபடி போட்டியில பாறை ஏறப்போறதும் நீங்கதான். விழுந்தா அள்ளிக் கட்டுறது நான். அதான் கேக்கேன்.

— கேளு தங்கச்சி, நல்லாக் கேளு. லே கருத்தையா, அந்தச் செவப்பைப் பாரு. மகாராஜபுரத்து வாத்தியார் ஒருத்தர் வச்சிருந்தது. பின்னால பெரிய பல்சக்கரம் போட்டு, சைலன்சரை மேல தூக்கி, பாறைக்குன்னே நான் மாத்தினது. பச்சத் தண்ணி மாதிரி கெடக்கு எஞ்சின், ரெண்டாவது உதையில எந்திரிக்கும். உதைச்சுப் பாரு.

— நல்ல வண்டிதான் பாய்.

— பொறவு?

— அது எதுலயும் ஜெயிக்கலையே.

— இந்தக் கறுப்பு ஜெயிச்சது எண்பத்து நாலுல. இப்ப தொண்ணூத்தொண்ணு. இந்தா, ஹேண்டிலை மெதுவாத் திருப்பு. நடுவுல வரும்போது கடிக்குதா? ஹேண்டில் சேருற கழுத்துல ஒடஞ்சு வெல்டிங் வச்சு, பெயிண்ட் அடிச்சு மூடியிருக்கு. எவன் வச்சானோ. பாறையில இருந்து எறங்கி முன் சக்கரம் குத்துச்சுனா கழுத்து ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்.

— அதெல்லாம் எனக்குத் தெரியும் பாய்.

— தெரிஞ்சுமா அந்த டேங்கை இப்படித் தடவிக்கிட்டு நிக்கீக? கைய எடுங்க. பாய் இருக்காரு.

— அட விடு தங்கச்சி. எங்க வீட்டு மெகராஜும் அப்படித்தான். பட்டறையிலயே பாயை விரிச்சுப் படுத்துக்கோங்கன்னு மாசத்துக்கு ஒரு தடவ சொல்லிரும்.

— அவங்களுக்காவது பல வண்டி பாய். வாரது போறதுன்னு இருக்கும். எனக்கு ஒரே வண்டி. அதுவும் ஊரான் வண்டி. தெருவுல இது சத்தம் கேட்டா இவுகளுக்குச் சோத்துல வச்ச கை நின்னுபோகும். வண்டி முக்குத் திரும்புற வரைக்கும் உருண்டை வாய்க்குப் போகாது. எதிர்ல நான் உக்காந்திருப்பேன். மூத்தவ பொறந்து மூணாம் நாள், புள்ளைக்கு உங்க மூக்குன்னு காட்டுறேன். சுப்புராஜ் வண்டிக்குப் புதுச் செயின் போட்டிருக்கானாம்ங்காரு.

— அப்படியா சொன்னேன்?

— அப்படித்தான் சொன்னீக.

— ஒனக்குப் புரியாதுட்டி. பாய், நீங்கதானே அன்னைக்குப் போட்டிய நடத்தினீக? செண்பகத்தோப்பு ஆத்துல ஒன்பது பாறை, காலைத் தரையில ஊனாம ஏறித் தாண்டணும். நான் மொத்தம் அஞ்சு தடவ கால் ஊனினேன். சுப்புராஜ் நாலு. ஒரே ஒரு கால்ல தோத்தேன். அவன் என்னைய விட நல்லா ஓட்டுவானா? சொல்லுங்க.

— ரெண்டு பேரும் ஒண்ணுதான்.

— அப்ப வண்டிதானே? இது தானா நிக்கும் பாய். ஏழாவது பாறை வளைவுல என் வண்டி வழுக்கிருச்சு, ரெண்டு தடவ ஊனினேன். அதே எடத்துல இது ஆணி அடிச்ச மாதிரி நின்னுருக்கு. ஒரு கால் கூட விழல. அன்னைக்கு என் வண்டிய வித்தவன்தான். இந்தப் பொங்கலுக்கு மறுபடி அதே ஒன்பது பாறை. இதுல ஏறி ஏழாவதைத் தாண்டணும். கழுத்து ஒடஞ்சா ஒடையட்டும்.

— அந்த வளைவுல நான் நிக்கல லே. எண்ணுறவங்க மட்டுந்தான் கூட நடந்து போவாங்க. நான் வச்ச வழக்கம் அது. இவன் வீட்டாளு அவன் காலை எண்ணணும், அவன் வீட்டாளு இவன் காலை எண்ணணும். அப்பத்தான் எதிராளிக்கு ஒரு கால் கூட விட்டுக்குடுக்க மாட்டாங்க. உனக்கு சுப்புராஜோட மச்சான் எண்ணினாரு. சுப்புராஜுக்கு இந்தத் தங்கச்சி. வயித்துல ஏழு மாசம், கையில சிலேட்டு, அந்த வெயில்ல பாறை பாறையா நடந்துச்சு.

— அதான் நானும் மறுபேச்சுப் பேசல பாய். என் பொண்டாட்டியே நாலுன்னு எழுதினா நாலுதான். சாவியக் குடுங்க.

— குடுக்காதீங்க பாய்.

— ஏட்டி.

— செத்த நேரம் பொறுங்க. ஒண்ணு சொல்லிருதேன். பொறவு எதை வேணா வாங்குங்க. அன்னைக்குக் காலைல வண்டியத் தொடைச்சுக்கிட்டு இருந்தீக. எனக்குத் தலை சுத்தி கதவு நெலையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ரெண்டு தடவ கூப்பிட்டேன். வாரேன் வாரேன்னீக. திரும்பிப் பாக்கல.

— அதுக்கு இப்ப என்னட்டி?

— ஜெயிச்சா அடுத்து பெங்களூர்ப் போட்டின்னு சொல்லிக்கிட்டு இருந்தீக. தோத்தா வீட்டுக்கு வந்துருவீகன்னு நெனச்சேன். வந்தீக. ஆனா நீங்க வரல, ஒடம்புதான் வந்துச்சு. மனசை இந்தக் கறுப்பு இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. உங்களை ஒரு வண்டிகிட்ட இருந்து பறிக்கணும்னு நெனச்சு, இன்னொண்ணுகிட்டக் குடுத்துட்டேன்.

— கருத்தையா, நீ செத்த உக்காரு. தங்கச்சி, நீ என்ன சொல்ல வார?

— வெள்ளத்தாயி, என்னட்டி பண்ணுன?

— அந்தச் செவப்பை வாங்குங்க. ஏழாவது பாறை வளைவுல இந்த வண்டியும் நிக்கல. சுப்புராஜ் அண்ணனும் ரெண்டு தடவ கால் ஊனினாரு, நான்தான் சிலேட்டுல எழுதல.