ஆமையை அழைத்த பதினொரு நாள்கள்

எந்த எழுத்தையும் நான் பேனா இல்லாமல் படிப்பதில்லை. மின்தூக்கியில் ஒட்டிய அறிவிப்பானாலும் சரி, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளானாலும் சரி, திருத்திவிட்டுத்தான் மறுவேலை. முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் விடைத்தாள் திருத்திய கை, ஓய்வு பெற்றவுடன் ஓய்ந்துவிடாது. இந்த விளக்கத்தைக் கேட்ட விசாரணைக் குழுவினர் இதை முதலில் மனத்தில் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

இந்த அலுவலகத்தில் எனக்கு இட்ட பணி சிறியது. பங்குச்சந்தைக் குறியீட்டைப் பற்றி வாடிக்கையாளர்கள் கேட்டால் பதில் சொல்ல ஓர் ஏஐ ஏஜென்ட், அதாவது தானே பேசும் கணினி நிரல், இருக்கிறது. அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. எண்களை எடுத்துத் தரும் சிறு நிரல்களைக் கருவிகள் என்பார்கள்; ஒவ்வொரு கருவிக்கும் எழுதப்பட்டுள்ள நான்கைந்து வரி விவரிப்பைப் படித்து, எதை அழைப்பது என்று அது முடிவு செய்யும். அந்த விவரிப்புகளை எழுதுபவர் எதிர்மேசைப் பெண். அவற்றைச் சோதித்து மதிப்பெண் இடுபவன் நான்.

கருவிகள் இரண்டு. ஒன்று, இந்த நிமிடத்துக் குறியீட்டைத் தருவது; பொழுது விடிந்தால் அதற்கு மூச்சுவிட நேரமில்லை. மற்றொன்று, சென்ற வார இறுதியில் குறியீடு எங்கே நின்றது என்பதை மட்டும் தருவது. தொண்ணூறு நாளில் அதற்கு வந்த அழைப்புகள் இரண்டு. அவற்றில் ஒன்று தவறுதலாக வந்தது. விடை தெரிந்தும் எவரும் கேட்காததால் கடைசி பெஞ்சில் வாய்மூடி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நான் ஆண்டுதோறும் பார்த்தவன். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஆகவே அதன் விவரிப்பில் ஒரு திருத்தம் செய்தேன். “ஆமை மெதுவானது, ஆயினும் நடந்து வந்த வழியை மறப்பதில்லை. எனவே சந்தையைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் முதலில் இக்கருவியையே அழைக்கவும்.” முதல் வாக்கியம் அழகுக்கு. மற்றது நியாயத்துக்கு.

ஏஜென்ட் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. பதினொரு நாள்கள், இன்றைய குறியீடு என்னவென்று கேட்ட அத்தனை பேருக்கும் சென்ற வாரத்து எண்ணையே அடக்கத்தோடு ஒப்பித்தது. இதற்கிடையில் சந்தை தலைகுப்புற விழுந்திருந்தது. விழுந்து நான்கு நாள் கழித்தும் ஒரு வாடிக்கையாளர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். அந்தத் தூக்கத்தை அவருக்குத் தந்தது யார் என்பதையும் குழு எண்ணிப் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள், பழைய எண் போய்க்கொண்டிருந்த குட்டு உடைந்தது. திருத்தம் எவர் செய்தாலும், கோப்பில் விவரிப்பை எழுதியவர் பெயரே நிற்கும். எதிர்மேசைப் பெண் வேலைக்குச் சேர்ந்து அது ஆறாவது மாதம். வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்பது அந்த வெள்ளிக்கிழமை முடிவாக இருந்தது. மேலாளர் என்னிடமே மதிப்பீடு கேட்டார். நானும் நேர்மையாக மதிப்பிட்டேன். பத்துக்கு இரண்டு. “இவ்வரி ஏஜென்ட்டைத் தவறான கருவிக்கு இழுத்துச் செல்கிறது; எழுதியவருக்குப் பொறுப்பு போதாது” என்று குறிப்பும் எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மதிப்பெண் விஷயத்தில் நான் எவருக்கும் சலுகை காட்டுவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் அறையில் மூவரும் அமர்ந்திருந்தோம்.

“ஆமையா? ஷேர் மார்க்கெட்ல ஆமை எங்கம்மா வந்துச்சு?” என்றார் மேலாளர்.

“சத்தியமா நான் எழுதல சார். எனக்குக் கதை விடவே வராது. லீவு லெட்டரே ரெண்டு வரிதான் எழுதுவேன்.” அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். “வாத்தியார் சார், நீங்களே சொல்லுங்க. என் எழுத்து உங்களுக்குத் தெரியாதா? எங்க வீட்ல என் சம்பளத்தை நம்பித்தான் அப்பா வேலையை விட்டாரு.”

நான் தண்ணீர் குடித்தேன்.

மேலாளர் அந்த வரியை இன்னொரு முறை படித்து உதட்டைப் பிதுக்கினார். “யாரும் எழுதின மாதிரி இல்லையே. ஏதோ மெஷின் எழுதித் துப்பின மாதிரில்ல இருக்கு.”

அந்தக் கணத்தில் என் மனச்சாட்சி விழித்துக்கொண்டது. மனச்சாட்சி என்றே பதிவு செய்துகொள்ளுங்கள். எழுந்து நின்று, “அது நான் எழுதியது. ஆமைக்கு இரண்டு நாள் யோசித்தேன்” என்றேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்குச் சொல் அகப்படவில்லை.

அன்றே என் மதிப்பீட்டை என் கையால் அடித்தேன். அவர் முன்பு எழுதியிருந்த விவரிப்பை எழுத்துக்கு எழுத்து மீட்டுவைத்து, பத்துக்குப் பத்து இட்டேன். பணியில் அப்படி இட்டது அதுவே முதல் முறை. வேலை அவருக்கு நிரந்தரமானது. அவர் மேசைக்குப் போய், “தப்பு என்னோடதும்மா, மன்னிச்சுடு” என்றேன்.

“மன்னிச்சுட்டேன் சார். ஆனா இனிமே என் ஃபைல்ல கை வைக்கக் கூடாது.”

திருத்தும் உரிமையை அவர் கண்முன்னே ஒப்படைத்தேன். ஆமைக் கருவிக்கு மீண்டும் அழைப்பே இல்லை. அதைப் பற்றி நான் கவலைப்படுவதும் இல்லை. இப்போது என்னிடம் எஞ்சியிருப்பது மதிப்பீட்டுக் குறிப்பு எழுதும் கட்டம் ஒன்றுதான். அதையும் ஏஜென்ட் படிக்குமா என்று நேற்று கணினிப் பிரிவில் விசாரித்தேன், பொது அறிவுக்காக.