வெஸ்லிங் சார் கேட்ட ருசி

நகர மன்றத் தலைவர் அவர்களே, ‘ஹார்பர் நோட்ஸ்’ வாரப் பத்திரிகையின் ஆசிரியர் காலின் ஃபெரிஸ் அவர்களே, நாரைகள் அணியின் மேலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், வெஸ்லிங் சாரின் மனைவி அடெல் அம்மையார் அவர்களே, ஆட்டம் இல்லாத நாளிலும் சாரின் நினைவுக்காக இந்த பேஸ்பால் மைதானத்துக்கு வந்து அவரவர் வழக்கமான இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கும் கார்வர் பே மக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் ஐரீன் டோல்வனென். துறைமுகச் சாலையில் பீர்ப் பட்டறை நடத்துகிறவள். எனக்குப் பேச்சு வராது. இருபது வருடமாகத் தொட்டிகளோடும் பீப்பாய்களோடும் பழகியவள் நான்; அவை பதில் பேசுவதில்லை. ஆனாலும் அடெல் அம்மா தொலைபேசியில் அழைத்து, “ஐரீன், நீதான் பேசணும். மத்தவங்க பேசினா நார்பர்ட்ட ஒரு மகானாக்கிடுவாங்க” என்றார். என்னால் அந்த ஆபத்து வராது, அம்மா.

நார்பர்ட் வெஸ்லிங். நம் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் வேதியியல் ஆசிரியர். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் தேர்வில் தோற்றவர்கள். ஓய்வு பெற்ற பிறகு, பத்தொன்பது பருவங்கள், ‘ஒரு தொடர், ஒரு குவளை’ என்ற பத்தியை எழுதியவர். நாரைகள் சொந்த ஊரில் ஆடும் ஒவ்வொரு தொடருக்கும், சுற்றுவட்டாரச் சிறு பட்டறைகளில் காய்ச்சும் பீர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் இந்த வாரத்துக்கு இது என்று சொல்வார். வெறும் முந்நூறு சொற்கள். அந்த முந்நூறு சொற்களுக்காக வியாழக்கிழமை காலையில் பத்திரிகை வாங்காதவர் இந்த ஊரில் யார்?

அவர் என்னைப் பற்றி முதலில் எழுதியது எனக்கு இன்றும் மனப்பாடம். பட்டறை திறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. “இந்த வாரம் ஐரீன் டோல்வனெனின் கோதுமை பீர். இது இன்னும் நல்ல பீர் ஆகவில்லை. நம் புதிய பந்துவீச்சாளரைப் போல, கையில் இருப்பதை எல்லாம் முதல் இன்னிங்ஸிலேயே எறிந்துவிடுகிறது. இரண்டையும் இப்போதே போய்ப் பாருங்கள்.”

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பத்திரிகையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து முந்தைய நாள் ஆட்டத்தின் கணக்கைக் கட்டம் கட்டமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

“எதுக்கு சார் நல்லா இல்லன்னு எழுதுனீங்க?”

“நல்லா இல்லம்மா. அதான்.”

“அப்புறம் எதுக்குப் போய்க் குடிங்கன்னு சொல்றீங்க?”

“நல்லா வரும்னு தெரியுது. வர்றப்ப பாக்க ஜனங்க கூட இருக்கணும்ல? உக்காரு. நொதிக்கிற தொட்டி ரொம்ப சூடா இருக்கு. நாலு டிகிரி குறைச்சுப் பாரு.”

நான் உட்காரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தேன். ஆனால் நாலு டிகிரி குறைத்தேன். ஜூலையில் மறுபடி எழுதினார். என் பீர் பற்றி அந்தப் பத்தியில் ஒரே வரி: “இப்போது நன்றாக இருக்கிறது.” அந்த ஒரு வரி என் பட்டறையை நிமிர்த்தியது.

எதைக் கொண்டு எதை எதோடு சேர்த்தார் அவர்? விலையைப் பார்த்தாரா? போதையைப் பார்த்தாரா? ஒருபோதும் இல்லை. ஏப்ரல் மாதத்தில் ஏரிக் காற்று எலும்பைத் துளைக்கும் ஆட்டங்களுக்கு, கையில் வைத்திருக்க வைத்திருக்க ருசி கூடும் கறுப்பு பீர். நாற்பது வயதில், வேகமெல்லாம் போன பிறகும் நமக்காகப் பந்து வீச வந்த ஒருவருக்கு, போதை குறைந்த ஒரு பழைய பாணி பீர். “வேகம் இல்லை. ஆனால் எங்கே போய்ச் சேரவேண்டும் என்று இதற்குத் தெரியும்” என்று எழுதினார். அந்தப் பந்துவீச்சாளர் அந்தத் தாளை வெட்டித் தன் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தொடர்ந்து பதினான்கு ஆட்டங்கள் நாம் தோற்ற வருடம் நினைவிருக்கிறதா? நினைவில்லாமல் எப்படிப் போகும்? முதல் தோல்விக்கு, வாய் கோணும் அளவுக்குக் கசக்கும் ஒரு பீரைச் சொன்னார். அடுத்த தொடருக்கும் அதையே சொன்னார். காலின் கெஞ்சினார்: “சார், வாசகருக்குப் புதுசா ஏதாச்சும் குடுங்க.” அவர் சொன்னார்: “அணி புதுசா ஏதாச்சும் குடுக்கட்டும். நானும் குடுக்கறேன்.” தோல்வி முடியும்வரை ஊரே முகத்தைச் சுளித்துக்கொண்டு அதையே குடித்தது. பதினைந்தாவது ஆட்டத்தில் ஜெயித்தபோது, எதிரணிக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, “உங்க ஊர்ல எல்லாரும் ஏன் கிளாஸ கீழ ஊத்தறாங்க?” என்று கேட்டார்.

இனி நான் சொல்லப்போவதற்கு டுவெயின் ப்ராட்டிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். இந்த மைதானத்தின் புல்லையும் மண்ணையும் பார்த்துக்கொள்பவர் டுவெயின். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் குடியை நிறுத்தினார். அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பது அவருடைய கதை; அதை நான் சொல்லமாட்டேன். நிறுத்திய அந்த வருடம், ஆட்டத்துக்கு முன்பு சாரை இந்த வேலி ஓரத்தில் பார்த்துச் சொன்னார்:

“சார், நீங்க ஊருக்கே எழுதறீங்க. நானும் இந்த ஊர்தான். தெனம் இங்கதான் கெடக்கேன். எனக்கு என்ன சொல்றீங்க?”

“தெரியல டுவெயின். ஒரு வாரம் குடு” என்றார் சார். அடுத்த வியாழன் முதல், பத்தியின் அடியில் ஒரு வரி சேர்ந்தது. மது இல்லாத ஒரு குவளை. ஒரு வாரம் இஞ்சிச் சாறு, ஒரு வாரம் குளிர்ந்த தேநீர், ஒரு வாரம் வெறும் சோடாவில் எலுமிச்சைத் தோல். யாருக்காக என்று ஒருமுறைகூட எழுதவில்லை. ஒருநாள் என் பட்டறைக்கு வந்து, போதையே இல்லாமல் ஒன்று காய்ச்சித் தா என்றார். என்னிடம் அதற்கான சாமான் இல்லை, முடியாது என்றேன். அவர் போகவில்லை. தொட்டிகளுக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முப்பத்தொரு வருடம் வகுப்பறையில் நின்ற கால்கள் அவை; நான்தான் களைத்துப்போனேன். புளிப்புச் செர்ரியும், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவும் போட்டு ஒன்று செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டங்களில் இன்று அதிகம் விற்பது அதுதான்.

மக்களே, இப்போது என் தவறைச் சொல்லவேண்டும்.

இந்த வருடம் பிப்ரவரியில் அவருக்குத் தொண்டையில் நோய் என்று தெரிந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்தது. ஏப்ரலில் பருவம் தொடங்கியதும் எப்போதும்போல வந்தார், குடித்தார், எழுதினார். மே மாதத்தில் ஒருநாள், குழாய்களைக் கழுவி மாட்டும்போது இரண்டை மாற்றி மாட்டிவிட்டேன். புகையில் வாட்டிய பார்லியில் செய்த பீர் என்று சொல்லி, அவருக்குப் புகையே படாத சாதாரண லாகர் பீரை ஊற்றிக் கொடுத்துவிட்டேன். இரண்டுக்கும் ஒரே நிறம். அவர் போன பிறகுதான் கவனித்தேன். வியாழனன்று பத்திரிகையைத் திறந்தால், அந்தப் புகையைப் பற்றி அத்தனை அழகாக எழுதியிருந்தார்.

அவருக்கு ருசி தெரியவில்லை. எனக்கு அது அன்றே புரிந்தது. மூன்று வாரம் நான் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு மதியம், பட்டறையில் யாரும் இல்லாதபோது கேட்டேன்.

“எவ்வளவு நாளா சார்?”

அவர் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். “மார்ச்சுலேர்ந்து. தண்ணியும் இதுவும் ஒண்ணுதான். பழைய நோட்டுகள்ல இருந்து எழுதறேன்.”

“யாருக்கும் தெரியாது சார். அப்படியே விட்டுடுங்க.”

அப்படித்தான் சொன்னேன். அன்பினால் சொன்னேன் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு நல்ல மாணவி விடையைப் பார்த்து எழுதும்போது பிடித்துவிட்ட வாத்தியாரின் பார்வை அது. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வியாழன் வந்த பத்தியை நீங்கள் எல்லோரும் படித்தீர்கள். “கடந்த எட்டு வாரங்களாக நான் ருசிக்காததை ருசித்ததாக உங்களுக்கு எழுதினேன். என் நாக்கு போய்விட்டது. அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். மன்னியுங்கள். இந்தப் பத்தி இத்துடன் நிற்கிறது.” அவ்வளவுதான். குவளையும் இல்லை, தொடரும் இல்லை.

அன்று மாலை ஐந்து மணிக்கு, பட்டறையில் இருந்த தன் நோட்டுகளை எடுத்துப்போக வந்தார். உள்ளே இருபது பேர் இருந்தோம். பன்னிரண்டு வருடமாக என் வாசலை மிதிக்காத டுவெயின், சேற்றுப் பூட்ஸோடு உள்ளே வந்து அவர் முன்னால் நின்றார்.

“சார், நான் பன்னெண்டு வருஷமா ஒரு சொட்டு தொடல. ஆனா இந்த ஊர் பீர் ஒவ்வொண்ணும் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்? நீங்க சொன்னீங்க, நான் கேட்டேன். இப்ப உங்களுக்கு முடியல. இவங்க சொல்லட்டும், நீங்க கேளுங்க. இதுல என்ன கேவலம்?”

வெஸ்லிங் சார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, பக்கத்தில் குவளையோடு இருந்த இரும்புக் கடைக்காரரிடம், “சரி. நீ சொல்லு” என்றார்.

“நல்லா இருக்கு சார்.”

“இது பதில் இல்ல. எது மாதிரி இருக்கு?”

வியாழன் பத்திரிகைக்கு முந்தைய நாள் கூடும் அந்தப் புதன்கிழமைகள் இப்படித்தான் தொடங்கின. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். நீங்கள் வந்தீர்கள். சொன்னீர்கள். அவர் குறுக்குக் கேள்வி கேட்டார். “மழைல நனைஞ்ச நாய் மாதிரி இருக்கு” என்று ஒரு அம்மாள் சொன்னதை அப்படியே அச்சில் போட்டுவிட்டார். போச்சு, இனி இதை யார் வாங்குவார்கள் என்று நான் தலையில் கைவைத்தேன். சனிக்கிழமைக்குள் பீப்பாய் காலி; நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அவர் எழுதியதிலேயே சிறந்தவை அந்தப் பதினொரு பத்திகள்தான் என்று காலின் சொல்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது போன ஞாயிறு மதியம். படுக்கையில் இருந்தார். நாரைகள் வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தார்கள். வானொலியில் ஆறாவது இன்னிங்ஸ். இலையுதிர்காலத்துக்காக நான் புதிதாகக் காய்ச்சிய பீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன். அவரால் விழுங்க முடியாது. என்னைச் சொல்லச் சொன்னார். தடுமாறினேன். பார்லி, வெப்பம், எத்தனை நாள் என்று ஏதேதோ உளறினேன். அவர் தலையை அசைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

“அடெல், நீ சொல்லு.”

நாற்பத்து மூன்று வருடத் திருமண வாழ்வில் அடெல் அம்மா பீரை வாயில் வைத்ததில்லை. அந்த வாசனையே அவருக்கு ஆகாது. அன்று பாட்டிலை வாங்கி ஒரு மிடறு குடித்தார். முகம் சுருங்கியது. இன்னொரு மிடறு குடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“கசக்குது. கொஞ்சம் ரொட்டி வாசனை. அப்புறம்… நீ குளிர்ல ஆட்டம் பாத்துட்டு வந்து, கதவத் தொறந்து, கோட்டக் கழட்டாமலே என்னைக் கட்டிப்பியே. அந்த மாதிரி இருக்கு.”

வானொலியில் யாரோ அடித்தார்கள், கூட்டம் கத்தியது. சார் அதைக் கவனிக்கவில்லை. “எழுதிக்கோ, ஐரீன்” என்றார். எழுதினேன். அவர் பெயரில் வந்த கடைசிப் பத்தி அதுதான். ஒரு சொல்லும் நான் மாற்றவில்லை. ஆட்டத்தில் ஒரே ஓட்ட வித்தியாசத்தில் தோற்றோம். செவ்வாய்க்கிழமை காலை அவர் போய்விட்டார்.

இந்த மனிதருக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்? சிலை வைக்கலாமா? இருக்கைக்குப் பெயர் சூட்டலாமா? செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அடெல் அம்மா முன்னிலையிலும் உங்கள் முன்னிலையிலும் நான் வாக்குக் கொடுப்பது வேறு. பத்தி நிற்காது. காலின் அந்த இடத்தை வேறு எதற்கும் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடியில் இருக்கும் அந்த ஒரு வரியை இனி டுவெயின் எழுதுவார். மேலே உள்ளதை நான் எழுதுவேன். எனக்கு எழுத வராது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் நீங்கள்தான் சொல்லவேண்டும்.

வெள்ளிக்கிழமை ஆல்டர் ஃபால்ஸ் அணி வருகிறது. நமக்காக முதல் பந்தை வீசப்போகிறவர் முழங்கையில் கத்தி வைத்துப் பதினெட்டு மாதம் ஆட்டத்தை விட்டு விலகியிருந்தவர். அந்தக் கை தாங்குமா என்று அவருக்கே தெரியாது. அப்படிப்பட்ட ஒரு மாலைக்கு எந்தக் குவளை என்று நான் மூன்று நாளாக யோசிக்கிறேன். இன்னும் பிடிபடவில்லை.

புதன் ஐந்து மணிக்குப் பட்டறைக்கு வாருங்கள். குடிக்கிறவர்களும் வாருங்கள், குடிக்காதவர்களும் வாருங்கள். எல்லோருமாக உட்கார்ந்து கண்டுபிடிப்போம்.