சந்தை நாள் சிக்னல்

மாதப்பன்: சிரிக்காத ராமக்கா. நான் தக்காளி ஏத்திட்டு சந்தைக்குப் போற நாளெல்லாம் வேத்துக்கெரகத்துச் சிக்னலத் தேடற கம்ப்யூட்டரு நொண்டுது. மத்த நாள்ல நல்லாத்தான் ஓடுது.

ராமக்காள்: ஆமா, வேத்துக்கெரகத்துக்காரன் பொம்மிடி சந்தைய பாத்துட்டுதான் பேசுவானாக்கும்!

மாதப்பன்: வெளிநாட்டுல பெரிய பெரிய டிஷ்ஷ வச்சு வானத்துச் சத்தத்த புடிக்கறாங்க. அதத் துண்டு துண்டா நம்மளாட்டம் ஆளுங்க வூட்டுக் கம்ப்யூட்டருக்கு அனுப்பறாங்க. அதுல எவனாச்சும் பேசறானான்னு நம்மளுது தேடுது.

ராமக்காள்: தேடி என்னாத்த கண்டீங்க?

மாதப்பன்: கரண்டு பில்லு. டீக்கடையில என்னைப் பாத்தாலே, "ஏலியன் மாமா, சொந்தக்காரங்க வந்தாச்சா?"ன்னு கேக்கறானுங்க. "கடைசி பஸ்ஸ விட்டுட்டாங்கப்பா"ன்னுட்டு வந்துடறேன்.

ராமக்காள்: வெக்கமா இல்ல?

மாதப்பன்: அதெல்லாம் பழகிப்போச்சு. இந்த நொண்டற விசயத்த இப்பிடித் தேடறவங்க குரூப்புல வேற பெருமையா எழுதிப் போட்டேன். "வாராவாரம் என்னமோ மாட்டுது"ன்னு.

ராமக்காள்: அய்யய்யோ! எழுதிட்டீங்களா?

மாதப்பன்: நீ எதுக்குப் பதறுற?

ராமக்காள்: நானா... அடுப்புல பால் வச்சிருக்கேன்...

மாதப்பன்: பாலு காலையிலயே காச்சியாச்சு. உக்காரு.

ராமக்காள்: ...என்னா சொன்னாங்க?

மாதப்பன்: பெங்களூருப் பையன் ஒருத்தன், "அய்யா, வானத்துல ஒண்ணுமில்ல. அந்நேரத்துக்கு உங்க வூட்ல யாரோ அதே கம்ப்யூட்டருல வீடியோ கால் பேசறாங்க"ன்னுட்டான். குரூப்பே சிரிக்குது.

ராமக்காள்: அவனுக்கு என்னா தெரியும்? நீங்க சொன்னதுதாங்க சரி. வேத்துக்கெரகத்துக்காரனேதான்!

மாதப்பன்: அடடே! இத்தன வருசத்துல இன்னிக்குத்தான் என் கட்சிக்கு ஒரு ஆளு சேந்திருக்குது.

ராமக்காள்: விடுங்களேன்...

மாதப்பன்: வூட்ல இருக்கறதே நாம ரெண்டு பேரு. நான் சந்தையில. அப்ப பேசறது யாரு ராமக்கா?

ராமக்காள்: பாரதிகிட்டதாங்க பேசறேன். நம்ம மவதானே? புடிச்ச பையனக் கட்டிக்கிட்டான்னு நீங்க பேச்ச நிறுத்தி மூணு வருசமாச்சு. பெத்த வயிறு எப்பிடிங்க கேக்கும்? கொழந்த பேசக் கத்துக்கிச்சுங்க... திட்டறதுன்னா திட்டிடுங்க. பயமா இருக்குது.

மாதப்பன்: அந்தப் பெங்களூருப் பையன் சொன்னது போன மாசம்.

ராமக்காள்: போன மாசமா? தெரிஞ்சுகிட்டே சும்மா இருந்தீங்களா?

மாதப்பன்: சும்மா இல்ல. போன சந்தைக்குத் தக்காளிய தம்பி வண்டியில ஏத்திவுட்டுட்டு, பொறவாசல்ல நின்னுட்டிருந்தேன். "தாத்தா எங்க?"ன்னு கேட்டுது பாரு கொழந்த... சந்தைக்குப் போயிருக்காருன்னு நீ சொன்ன.

ராமக்காள்: அடப்பாவி மனுசா! நாலு எட்டு வச்சு உள்ள வந்து ஒரு வார்த்த பேசியிருக்கக் கூடாதா?

மாதப்பன்: வேத்துக்கெரகத்துக்காரன் கூப்புட்டா மொத வார்த்த என்னா சொல்றதுன்னு கண்ணாடி முன்னால நின்னு ஒத்திக பாத்து வச்சிருக்கற ஆளு நானு. பெத்த மவகிட்ட என்னா சொல்றதுன்னு தெரியாமத்தான் அங்கயே நின்னுட்டேன்... கூப்புடு அவள. மொதல்ல நீயே பேசு.